அரண்மனை வாசற்படி

பீட்டர்ஸ்பர்க்

அன்புள்ள அம்மாவுக்கு, ஸீனாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

அரண்மனை அருங்காட்சியகத்தில் சினிமாப் படம் எடுத்தார்கள். உடை தைக்கப் போன என்னையும் சீமாட்டியாக நிற்க வைத்தார்கள். முழுப் படமும் கேமராவை நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டம். ஒருவர் பிசகினாலும் எல்லாம் பாழ். நேற்று, பிரபுவாக நடித்த அர்க்காதி வாசற்படிக்கு அப்பால் நின்று விசிறியை நீட்டினார். "படிக்குக் குறுக்க எதையும் வாங்காதடி, சண்டை வரும்" என்பாயே! என் கை தானாக அவரை உள்ளே இழுத்துவிட்டது. உயிரே போய்விட்டது. கேமரா நிற்கவில்லை.

முடிந்ததும் இயக்குநர் சிரித்தார். "ஏம்மா, எந்த ஊரு நீ? எங்கம்மாவும் இப்படித்தான் இழுப்பாங்க. இருக்கட்டும்."

என் அறை குளிர்கிறது. கம்பளிக் காலுறை பின்னியிருந்தால் அஞ்சலில் போடாமல் நீயே கொண்டு வாயேன். உடைகளைத் திருப்பிக் கேட்கிறார்கள், ஓடுகிறேன். என் வாசலில் உள்ளே இழுக்க ஒருவரும் வந்து நிற்பதில்லை, அம்மா.

உன் ஸீனா