நாலாவது படியில் நிற்பவள்

மார்ச் 4

மதிப்பிற்குரிய இசையமைப்பாளருக்கு,

இப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ‘அன்புள்ள மனைவிக்கு’ என்றால் நீ சிரிப்பாய். போனில் பேசினால் சண்டையில் முடியும் என்று நாமே ஒப்புக்கொண்டோம், அதனால் கடிதம். நலம்தானே? நம் மகள் சின்னவள் பரீட்சை எப்படி எழுதினாள்?

விஷயம் இதுதான். நாம் சேர்ந்து போட்ட ‘படிக்கட்டில் நாலு பேர்’ சினிமாவாகப் போகிறது. டைரக்டர் ஓர் இளம்பெண். பள்ளியில் படிக்கும்போது நம் நாடகத்தைப் பார்த்தாளாம். கதை வசனமும் பாட்டு வரிகளும் என்னுடையவை, மெட்டெல்லாம் உன்னுடையது. ஆகவே இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். நாம் பிரிந்து வாழ்வதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “அதனால என்ன சார், கையெழுத்தைத் தனித்தனியாத்தானே போடணும்” என்றாள்.

பதில் போடு.

இப்படிக்கு,
வசனகர்த்தா

மார்ச் 15

வசனகர்த்தா அவர்களுக்கு,

நலம். சின்னவள் கணக்கில் மட்டும் கோட்டை விட்டிருக்கிறாள். அது உங்கள் வழிச் சொத்து. எனக்கு அதே பள்ளிக்கூடம், அதே பாட்டு வகுப்பு. இந்த வருடப் பிள்ளைகளுக்குத் தொண்டை இருக்கிறது, காதுதான் இல்லை.

கையெழுத்துப் போடத் தடையில்லை. ஆனால் படிக்கட்டுப் பாட்டை என்ன செய்யப் போகிறார்கள்? மாடிவீட்டுக் கணவன் கீழ்வீட்டு நர்ஸைப் பார்க்கிறான். நர்ஸ் தையல்காரனைப் பார்க்கிறாள். தையல்காரன் மாடிவீட்டு மனைவியைப் பார்க்கிறான். அவளோ தன் கணவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாலு பேரும் நாலு படியில் நின்று ஒரே சமயத்தில் பாடினால்தான் அந்தக் கூத்து. மேடையில் ஜனங்கள் யாரை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். கேமரா ஒருத்தரைத்தானே பார்க்கும்? கேட்டுச் சொல்லுங்கள். பாட்டை நறுக்குவதாக இருந்தால் என் கையெழுத்து கிடையாது.

இப்படிக்கு,
பாட்டு டீச்சர்

ஏப்ரல் 2

பாட்டு டீச்சருக்கு,

நறுக்க மாட்டார்களாம். ஒரு பழைய வீட்டில் நிஜப் படிக்கட்டே பிடித்து ஒத்திகை பார்க்கிறார்கள். பாட்டின் நடுவில் மற்ற மூவரும் பாடிக்கொண்டே இருக்க, நாலாவது படியில் நிற்கும் மனைவிக்கு மட்டும் வரியில்லாத ஓர் இடம் வருகிறதல்லவா, கேமராவை அங்கே அவள் முகத்தில் நிறுத்தப் போகிறாள் டைரக்டர். அப்போது அவள் என்ன நினைக்கிறாள் என்று என்னிடம் கேட்டாள். கோபம் என்றேன்.

மனைவியாக நடிப்பவள் ஒப்புக்கொள்ளவில்லை. “கோபம்னா திட்டிப் பாடியிருப்பா சார். இவ வீட்டை விட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டா.”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை மேடை கண்ட பாட்டு! நான் எப்போதும் திரை ஓரத்தில் நின்று பார்த்தவன். அங்கிருந்து கணவனின் முகம்தான் தெரியும், அவளுடைய முதுகுதான் தெரியும். அந்த மெட்டைப் போட்டபோதே நீ போவதென்று முடிவு செய்துவிட்டாயா? சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

வசனகர்த்தா

ஏப்ரல் 19

வசனகர்த்தாவுக்கு,

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். அதனால்தான் தாமதம்.

அந்த நடிகை கெட்டிக்காரிதான், ஆனால் அவள் சொன்னது சரியில்லை. அப்போது எனக்குப் போகும் எண்ணமே கிடையாது. அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் உங்களுக்கு மெட்டுக் கொடுத்தேன். மூன்று பேருக்கு வரி எழுதிக்கொண்டு வந்தீர்கள், அவளுக்கு மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். “இருக்கட்டும், அவ சும்மா நிக்கட்டும். ஜனங்க சிரிச்சு முடிக்க நேரம் வேணும்ல” என்றீர்கள். சொன்னபடியே ஒவ்வொரு ஊரிலும் சிரித்தார்கள்.

அவள் என்ன நினைக்கிறாள் என்று யாராவது கேட்பார்கள் என்று அவள் காத்துக்கொண்டு நிற்கிறாள். நடிகையிடம் அப்படிச் சொல்லுங்கள். போவது என்பதெல்லாம் ரொம்பப் பிறகு வந்தது.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பாட்டை நறுக்காததற்கு டைரக்டருக்கு என் நன்றி.

இப்படிக்கு,
பாட்டு டீச்சர்

ஏப்ரல் 30

அன்புள்ள உனக்கு,

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நீ எழுதியதை நடிகையிடம் சொன்னேன். நேரே போய்ப் படியில் நின்றாள். ஒத்திகைக்குக் கேமராவும் வந்திருந்தது. சின்னத் திரையில் அந்த முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். பாட்டு முடிந்தும் டைரக்டர் ‘கட்’ சொல்லவில்லை. நான் வெளியே வந்து, சுருட்டி வைத்திருந்த வயர்களின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே வரி வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். எழுதி எழுதிக் கிழிக்கிறேன், ஒன்றும் அவள் வாயில் பொருந்தவில்லை. நீயே எழுதிக் கொடு. பாட்டுப் பதிவு மே கடைசியில், பக்கத்தில் வந்து உட்கார். மாடி அறைக்கு வெள்ளையடித்து, ஆர்மோனியத்தையும் பழுது பார்த்துவிட்டேன். வீட்டுக்கே வந்துவிடேன். இந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை.

உன்,
நான்

மே 11

அன்புள்ள உங்களுக்கு,

வரி எழுதிவிட்டேன். ‘சாப்பிட்டாயா என்றாவது ஒரு வார்த்தை கேளேன்.’ மெட்டில் உட்காருகிறது, பாடிப் பார்த்துவிட்டேன். ஜனங்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும், நல்ல சிரிப்புதான்.

மாடி அறை வேண்டாம். இங்கே எனக்கும் சின்னவளுக்கும் இரண்டு அறை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. காலையில் எழுந்ததும் எவர் முகத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. அதை விட்டுவர மனமில்லை. கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷம். இரண்டு நாள் வகுப்பில் என்னை அறியாமல் பாடிக்கொண்டிருந்தேன் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

பதிவுக்கு வருவேன். தங்கை வீட்டில் தங்கிக்கொள்வோம். வேலை முடிந்ததும் மூன்று பேரும் எங்கேயாவது போய் டீ குடிக்கலாம்.

வண்டி பதிவன்று விடியற்காலையில் வந்து சேரும். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், தூக்கம் கெடும்.

அப்படியும் வருவதென்றால், ஏழாம் நம்பர் பெட்டி.

அன்புடன்,
நான்