பெரிய திரையில என் முழங்கை

அண்ணா,

சாப்பாடு குக்கர்ல இருக்கு. குழாய் ரிப்பேர்காரர் அஞ்சு மணிக்கு வருவாரு, நீ வீட்ல இரு. நான் சித்தி வீட்டுக்குப் போறேன். போன் பண்ணாத.

நேத்து உன் காலேஜுக்கு வந்திருந்தேன், உனக்குத் தெரியாது. தோல் நோய் பத்திப் பேசணும்னு ஒரு வாரமா என்னை உக்கார வெச்சு ஒப்பிச்சியே! தட்டையா நிறம் மாறினா மேக்யூல், குட்டியா மேடா இருந்தா பேப்யூல், பெருசா தடிச்சுப் படர்ந்தா பிளாக். உன்னை விட எனக்குத்தான் மனப்பாடம். நீ திக்கினா கடைசி வரிசையிலேர்ந்து வாயசைக்கலாம்னுதான் வந்தேன்.

அப்போ "இது சொரியாசிஸ்"னு ஒரு படம் போட்ட. என் முழங்கை! மருந்து கேக்குதான்னு பாக்கணும்னு சொல்லி எடுத்தியே, அதே போட்டோ. மூஞ்சி இல்லன்னா எனக்குத் தெரியாதா? கீழ நம்ம கிழிஞ்ச பச்சை பெட்ஷீட் வேற!

பக்கத்துல ஒருத்தி, "ஐயே, ஒட்டிக்குமோ?"ன்னா. "ஒட்டவே ஒட்டாது"ன்னு நீ நல்லாத்தான் சொன்ன. எல்லாரும் கை தட்டினாங்க. நான் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

கொளுத்துற வெயில்லயும் முழுக்கை போடுறவ நான். உன் ஒருத்தன்கிட்டதான் நம்பி மடிச்சு விட்டேன். நீ ஊரையே கூட்டிக் காட்டிட்ட.

களிம்பு தீந்துடுச்சு. நீ வாங்க வேணாம், நானே பாத்துக்கிறேன்.

இடம் இல்ல, ஓரத்துல எழுதுறேன்: பாலைக் காய்ச்சி வெச்சிடு.

இன்னொண்ணு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா, போட்டோ எதுக்கு, நானே முன்னாடி வந்து கையைக் காட்டியிருப்பேன்டா.