விளக்கில்லாத சைக்கிள்

விமலாவின் அப்பாவுக்கு,

அக்காவுக்குப் பேற்றுவலி, விமலாவையும் கூட்டிக்கொண்டு தனுவச்சபுரம் போகிறேன். கஞ்சி அடுப்பில், சாவி பக்கத்து வீட்டு ஓமனக்குட்டியிடம்.

போன வாரம் தமிழ்நாட்டோடு சேரக் கேட்கும் குழித்துறை எல்லைக் கூட்டத்துக்குப் போகிற வழியில் உங்களைத் தமிழுக்காகப் போலீஸ் பிடித்தது என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். நானும் வேதக்கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன்! இன்றைக்கு உங்களோடு வந்த ஈசாக் அண்ணன் சிரிக்கிறார்: "விளக்கில்லாம சைக்கிள் சவிட்டினதுக்காக்கும் பிடிச்சது, தங்கச்சி." எனக்குத் தொலி உரிந்துபோயிற்று.

நாளையும் மார்கழிப் பனியில் விடியுமுன் கூட்டத்துக்குப் புறப்படுவீர்கள். விளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி மாற்றிவிட்டேன். பிரேக்குக்குப் புதுக் கட்டை போட்டாயிற்று. மப்ளர் சுற்றாமல் படி இறங்கக் கூடாது.

செல்லபாய்

பெல்லையும் முறுக்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பிடித்தால் தமிழுக்காகவே பிடிக்கட்டும்.