ஏழு வீட்டுக் கயிறு

நகரி,
கார்த்திகை 2.

அன்புள்ள தம்பி ஜெயச்சந்திரனுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் வீடு நிற்கிறது. இதை முதலில் எழுதிவிடுகிறேன்; அடுத்ததைப் படித்ததும் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடக்கூடும். உன் வாசல் பூட்டை உடைத்தோம். உடைக்கச் சொன்னது நான். உள்ளே போனது முனிகிருஷ்ணன்.

நீ போன அன்று சொன்னதை மறக்கவில்லை. ஏப்ரலில் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது, நம் நகரி ஆந்திராவில் நின்றுவிட்டது. நகரி ஆந்திராவிலேயே இருக்கட்டும் என்ற மனுவில் முனிகிருஷ்ணன் கைநாட்டு வைத்தான் என்பதற்காக, சுவரோடு சுவராக இருந்த முப்பது வருஷப் பழக்கத்தை விட்டாய். அவன் உன் வாசற்படி மிதித்தால் நான் உனக்கு அக்கா இல்லை என்றாய். சாவியையும் பெரம்பூருக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

சனிக்கிழமை பஞ்சாயத்து ரேடியோவில் புயல் நாயுடுபேட்டைப் பக்கம் கரையேறும் என்றார்கள். கடல் நமக்கு நாற்பது மைல், தரையில் ஏறினால் காற்றின் வேகம் குறைந்துவிடும் என்று நான் இருந்தேன். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் காலையில் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிய தறி நூல் பாவு நடுப்பகலாகியும் காயவில்லை. முனிகிருஷ்ணன் அதை ஈரத்தோடு சுருட்டி உள்ளே போட்டுவிட்டு, பாவு இழுக்கும் கயிறுகளை வீட்டுக்கு வீடு வாங்கிக்கொண்டு வந்தான்.

நைனா சிறுவனாக இருந்தபோது ஒரு தரம் இப்படிச் செய்தார்களாம். நீயும் நானும் பார்த்ததில்லை. நம் வரிசையில் ஏழு வீட்டுக்கும் கூரை ஒன்றோடொன்று ஒட்டித்தானே இருக்கிறது? தெருக்கோடிக் கல்லிலிருந்து மறுகோடிக் கல் வரை ஏழு கூரையின் முகட்டிலும் ஒரே கயிற்றை ஓட்டி, பாவை இழுப்பதுபோல இழுத்துக் கட்டினார்கள். பிறகு வீட்டுக்கு வீடு குறுக்குக் கயிறு. முன்னால் தூணிலும் பின்னால் கொல்லையில் ஏதாவது கனமான கல்லிலும் முடிச்சு. முருங்கைக் கிளைகளை வெட்டினோம். ஜன்னல்களுக்குப் பலகை அடித்தோம். எல்லாம் முடிந்து, உன் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

உன் கொல்லைக்கு வீட்டுக்குள் போய்த்தான் போகவேண்டும். கிழக்கு ஜன்னல் ஒன்றும் கொக்கி விட்டு ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வீட்டைக் கட்டாமல் விட்டால் காற்று அங்கே நுழைந்து மொத்த வரிசையையும் தூக்கிவிடும் என்றான் முனிகிருஷ்ணன். அதற்குக் கரும்பலகையில் காரணம் எழுத எனக்குத் தெரியும். அவனுக்கு அது தேவைப்படவில்லை.

கையில் கடப்பாரை இருந்தும் அவன் படியேறவில்லை. "ஏறாதேன்னு சொல்லிட்டுப் போயிக்கிறான். நீ சொன்னா ஏறுறேன் டீச்சரக்கா, இல்லாங்காட்டி இப்பிடியே நின்னுக்கினு இருப்பேன்" என்றான். நான் அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். அவன் மனைவி வெங்கடம்மாதான், "பூட்டத்தானே ஒடைக்கிறோம், பொட்டிய ஒடைக்கலயே. ஜெயச்சந்திரன் வந்து என்னைக் கேக்கட்டும்" என்றாள். ஏறு என்றேன்.

மறுநாள் விடியும்போதே நகரி மலையைக் காணோம். மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறம்தான் இருந்தது. எட்டு மணிக்குக் காற்று வந்தது. அதை எப்படி எழுதுவதென்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஓசை என்று சொல்ல முடியாது. காதில் கேட்பதற்கு முன்பே நெஞ்செலும்பில் தெரிந்தது. என் வீட்டுக் கொல்லைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். ஏழு வீட்டு ஓடுகளும் மீன் செதில்போல் சேர்ந்து நிமிர்ந்தன, சேர்ந்து படிந்தன. படுத்திருக்கும் ஏதோ ஒன்று மூச்சு விடுவதுபோல இருந்தது. பயத்தைக்கூட மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணி இருக்கும். உன் வீட்டுக் குறுக்குக் கயிறு கொல்லையில் துவைக்கிற கல்லில் கட்டியிருந்தது. மண் ஊறிக் கல் புரண்டுவிட்டது. உன் கூரையின் ஓரம் ஒரு முழம் எழும்பியதைப் பார்த்தேன். அடுத்து முனிகிருஷ்ணன் உன் வீட்டு வழியாகப் புகுந்து கொல்லைக்கு ஓடிவந்தான். கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, கிணற்றுச் சுவரில் காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டான். மழை அவனைச் சாட்டையால் அடிப்பதுபோல அடித்தது. நானும் தெருப்பக்கமாகச் சுவரைப் பிடித்து உன் வீட்டுக்குள் போய், அவன் பின்னால் உட்கார்ந்து கயிற்று நுனியைப் பிடித்தேன். உன் அக்காவா என்று சிரிக்காதே. அந்தக் கயிறு அதிர்ந்த அதிர்வில் ஏழு கூரைகளின் இழுப்பும் என் உள்ளங்கையில் தெரிந்தது. அவ்வளவு பெரிய ஒன்றை நான் கையால் தொட்டதே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம்.

திருமலையப்பன் காப்பாற்றினான் என்கிறாள் வெங்கடம்மா. அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. பார்த்ததை எழுதுகிறேன். மேலத் தெருவில் பதினோரு கூரை போய்விட்டது. நம் வரிசையில் ஒன்றும் போகவில்லை. அவன் இடுப்பில் கயிறு அறுத்த காயம் இன்னும் ஆறவில்லை. தறிக்குழியில் இறங்கி உட்கார முடியாமல் இருக்கிறான். உனக்கு எழுதப்போகிறேன் என்றதும் ஒன்றே ஒன்று சொன்னான்: "சமையக்கட்டு மேல மூணு ஓடு என் கால்ல ஒடஞ்சிச்சி, மாத்திட்டேன்னு எழுது."

குழந்தைக்கு இருமல் நின்றதா? வெந்நீரிலேயே குளிப்பாட்டும்படி அதன் அம்மா கிருஷ்ணம்மாவிடம் சொல். பெரம்பூரில் வெள்ளம் என்று பேப்பரில் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. உடனே ஒரு கார்டு போடு.

உன் வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். அதற்கு இரண்டு சாவி. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். மற்றதை முனிகிருஷ்ணனிடம் கொடுத்துவிட்டேன். அது அவனிடம் இருக்கக்கூடாது என்றால், எனக்கு எழுதாதே. நீயே வந்து அவன் வாசலில் நின்று கேட்டு வாங்கிக்கொள்.

நீங்கள் மூவரும் காற்றுக்கும் மழைக்கும் தப்பிச் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்,

உன் அக்கா
அலர்மேல்மங்கை