அக்கா டச்சிங் செய்த வால்நட்சத்திரம்

என் செல்ல அக்காவுக்கு,

சுமதி நன்றாக இருக்கிறாள். பால்வாடிக்குப் போகிறாள், போகும்போது தெருவே கேட்கும்படி அழுகிறாள். மாமா போட்டோ ஸ்டுடியோவை மறுபடி திறந்துவிட்டார். முகூர்த்த நாளென்றால் ஆரணியில் அவருக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. டச்சிங் வேலைக்கு மட்டும் இன்னும் ஆள் வைக்கவில்லை. உன் பிரஷ் அந்த டம்ளரிலேயே இருக்கிறது.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். அதற்கு வால்நட்சத்திரக் கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஹாலி வந்தபோது சுமதி உன் வயிற்றில். பிள்ளைத்தாய்ச்சி அதைப் பார்க்கக் கூடாதென்று உன் மாமியார் விடியற்காலையில் கதவையே திறக்க விடவில்லை. "எனக்கு ஒரு போட்டோவாவது புடிச்சிகினு வாடா. அதுல பாத்தா யாருக்கு இன்னா வந்துடும்?" என்றாய். கல்யாண வீட்டில் ப்ளாஷ் பிடித்தவன் நான். வானத்தைப் படமெடுக்க எனக்கு என்ன தெரியும்?

கடைசி பஸ்ஸில் படவேட்டுக்குப் போய் வயலில் ஸ்டாண்டை நட்டேன். ஷட்டர் திறந்தபடியே இருக்கும் 'பி'யில் வைத்து, கேபிளை அழுத்திக்கொண்டு ஒரு பீடி முடியும்வரை நின்றேன். ரோலைக் கழுவினால் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இருந்தது. பூமி சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை அன்றுதான் நம்பினேன்.

மறுபடி போனேன். லென்ஸை முழுக்கத் திறந்து, கொஞ்ச நேரமே வைத்து எடுத்தேன். வெளிச்சம் போதாதென்று மாமா பிலிமை டெவலப்பரில் கூடுதலாக ஊறவிட்டார். பிரிண்டில் பஞ்சைப் பிய்த்துப் போட்டமாதிரி வால்நட்சத்திரம்! இருட்டறையிலேயே இரண்டு பேரும் குதித்தோம்.

பிரிண்டைக் காயப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம் பார், அங்கேதான் கோட்டை விட்டோம். காய்ந்த பிரிண்டெல்லாம் உன் மேஜைக்குத்தானே வரும்? நெகட்டிவில் தூசி இருந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். மை தொட்டு அதை மறைக்கும் டச்சிங்தான் உன் வேலை. திரும்பி வந்தால் நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். "இன்னாங்க இது, எம்மாம் தூசி! நடுவுல ஒரு கறை வேற. யாரு நிக்கிறாங்கன்னே தெரியல, ஒரே பேஜாரு" என்றாய். வானத்தில் ஒரு நட்சத்திரம் மிச்சமில்லை, வால்நட்சத்திரமும் மைக்கு அடியில் போய்விட்டது.

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்து நீ சிரித்த சிரிப்பில் வலி வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். உற்றுப் பார்த்துவிட்டு, "இம்மாத்தூண்டுக்கா என்னை உள்ள பூட்டி வெச்சாங்க?" என்றாய்.

போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் மாமியார் பழியை அந்தப் படத்தின்மேல் போட்டார். நல்ல பிரிண்டும் நெகட்டிவும் வெந்நீர் அடுப்பில் எரிந்தன. அவரோடு எனக்கு இன்றுவரை பேச்சில்லை. மிச்சமிருப்பது நீ மை வைத்த பிரிண்ட்தான்; அது என் பெட்டியில் இருந்ததால் தப்பியது.

"தண்ணில ஊற வெச்சா மை விட்டுடும் மச்சான். வால்நட்சத்திரம் வெளிய வந்துடும். புள்ளைக்குக் காட்டலாம்" என்கிறார் மாமா. நேற்று தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தோம். படத்தைச் சாய்த்துப் பிடித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் நீ பிரஷால் தொட்ட இடமெல்லாம் தனித்தனியாகப் பளபளத்தது. என்னால் முடியவில்லை அக்கா. தண்ணீரில் போட்டிருக்க வேண்டுமா, நீயே சொல்.

தண்ணீரைக் கொட்டிவிட்டேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைத் துடைத்து வைத்தார்.

வால்நட்சத்திரம் தானே திரும்பி வரும். அப்போது சுமதி கிழவியாகியிருப்பாள். அவளை யார் உள்ளே பூட்டுவது? அதுவரைக்கும் எதற்காகவும் அவளைப் பூட்டிவைக்க நான் விடமாட்டேன். உன் படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தம்பி,
சேகர்