சங்கை என்னும் சொல்

திருவனந்தபுரம்,
நவம்பர் 9.

சங்கை தங்கபாய் அவர்களுக்கு, உன் அண்ணன் திரவியம் தேவசமாதானம் வேண்டி எழுதுவது.

முதற்சொல்லைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்திருப்பாய். கை தவறி எழுதவில்லை. குருமார் பெயருக்கு முன் நம் முன்னோர் இட்டுவந்த அச்சொல்லை, நீ குருப்பட்டம் பெற்று முப்பது ஆண்டுகள் கடந்தும், உன் கடித உறைகளில் நான் இட்டதில்லை. குமாரி என்றே எழுதினேன். நீயும் ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை.

இங்கே நலம். உன் மதினி எஸ்தருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாவு மட்டும் கட்டுக்குள் இல்லை. மாலைதோறும் இடியோடு ஐப்பசியின் துலாமழை. ஆகஸ்டில் விழுந்து முறிந்த என் இடுப்பெலும்பு கூடிவிட்டது. ஊன்றுகோலோடு நடக்கிறேன்; முழங்கால் மடக்கத்தான் இயலவில்லை. கழக்கூட்டத்திலிருந்து வினய் ஞாயிறுதோறும் வந்து, பெற்ற தகப்பனைப் பிள்ளைபோல் அதட்டி நடக்கப் பழக்குகிறான்.

உன் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன் குரு அங்கியைக் கொண்டுவரட்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியை எஸ்தர் உரக்க வாசித்துவிட்டு, "பதில் சொல்லும், சபைச் செயலாளரே" என்றாள். நான் அப்பதவியை விட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன என்பது அவளுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில், ஆங்கிலத் திருச்சபையில் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற பெண்களுள் ஒருத்தியாக நீ ஊருக்கு வந்த அந்த டிசம்பரை நான் மறக்கவில்லை. நம் ஆலயத்தில் திருவிருந்து நடத்த உன்னை அழைத்தபோது கமிட்டியில் எழுந்து எதிர்த்தவன் நான். குருவை நாம் ஐயர் என்கிறோம்; ஐயர் என்றால் ஆண், ஐயரம்மா என்றால் அவர் மனைவி, பெண்ணுக்குக் குருத்துவம் உண்டெனில் அதற்கொரு சொல்லைத் தமிழ் வைத்திருக்காதா என்று வாதிட்டேன். தமிழாசிரியனான நான் சொன்னதை மறுக்க அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் உன்னை அழைத்தார்கள். நீ அப்பத்தட்டோடு, பீடத்தின் முன் தடுப்பாக நிற்கும் கிராதியருகே வந்தாய். மற்றவர்கள் உன் கையால் அப்பம் பெற அங்கே முழங்காற்படியிட, நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஞானப்பாட்டை உரத்துப் பாடினேன். என் இடம் வெறுமையாக இருந்த கிராதிக்கு முன் சற்றே நின்று, பிறகு கடந்து போனாய். அன்று மதியம் எனக்கு மீன்குழம்பு ஊற்றியதும் நீயே. அதன்பின் ஆறு முறை வந்தாய்; அங்கி வரவில்லை.

ஜூன் முதல் நம் சபைக்கு உதவி குருவாக ஸ்நேகா என்றொரு பெண் வந்திருக்கிறாள். முதல் நாள், ஆலயப் பணியாளனான கோவில்பிள்ளை பினு, மலையாளத்தில் குருவானவரை அழைக்கும் பழக்கத்தில் "அச்சா" என்று கூப்பிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு "அச்சம்மா" என்று திருத்தினானாம். "இருபத்தெட்டு வயசுல என்னை அப்பாவைப் பெத்த ஆத்தா ஆக்கிட்டீங்களே, பினு சேட்டா" என்று அவள் சிரித்தாளாம். எஸ்தர் இதை மூன்று நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த எளிய மனிதன் தடுமாறியும் ஒரு சொல்லைத் தேடியிருக்கிறான். படித்த நான் தேடவே இல்லை.

படுக்கையில் கிடந்த நாட்களில் தேடினேன். சங்கை என்பது ஆண்பாலும் அன்று, பெண்பாலும் அன்று. வெறும் மதிப்பு. யார் பெயருக்கு முன்னும் நிற்கும். நாற்பதாண்டு இலக்கணம் கற்பித்தவன், ஒவ்வொரு திருமண அழைப்பிதழிலும் கண்ட சொல்லைக் கவனிக்கத் தவறினேன். உயிர்த்த ஆண்டவரை முதலிற் கண்டு சீஷர்க்கு அறிவித்தவள் மகதலேனாள் என்று எத்தனை ஈஸ்டரில் பிரசங்கித்தேன். வீட்டில் ஒருத்தி அதையே சொல்ல வந்தபோது பாடிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ஸ்நேகா வீட்டுக்கு வந்து எஸ்தருக்குத் திருவிருந்து கொடுத்தாள். என்னிடம் வந்தபோது நான் கையை நீட்டவில்லை. பழைய பிடிவாதம் என்று எஸ்தர் பல்லைக் கடித்தாள். அந்தப் பிள்ளை கட்டில் ஓரமாக அமர்ந்து, "யாருக்காகவோ காத்திருக்கீங்க, இல்லையா ஐயா?" என்றாள். ஆமென்றேன். உன் கையில் பெற மறுத்ததை இன்னொரு பெண்ணின் கையில் முதலில் பெறுவது முறையாகாது. பெரிய ஐயரிடமும் வேண்டாமென்றுவிட்டேன். திருவிருந்தில்லாமல் ஒன்பது வாரமாகிறது. பசிக்கிறது, தங்கம்.

ஆகவே அங்கியை மறவாமல் கொண்டு வா. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு ஆராதனையை உனக்கென்று ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். கமிட்டிக்கு விண்ணப்பம் எழுதியவனும் நானே. முழங்காற்படியிட இயலாது. கிராதியின் இடது ஓரத்தில், ஊன்றுகோலை எஸ்தரிடம் கொடுத்துவிட்டு, இரு கையும் ஏந்தி நிற்பேன்.

கர்த்தர் உன் பயணத்தைக் காப்பாராக. என்னிடம் வரும்போது அன்றுபோலச் சற்றே நில். கடந்து போய்விடாதே.

உன் ஆசீர்வாதத்துக்குக் காத்திருக்கும் அண்ணன்,
திரவியம்