இதை முதலில் படி, தம்பி

செலியமேடு,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி நவீன்குமாருக்கு,

அக்கா புவனேஸ்வரி எழுதுவது. நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. நின்றுகொண்டு படித்தால் உட்கார். கப்பலில் நம் பக்கத்து ஆள் யாராவது இருந்தால் கூப்பிட்டு வைத்துக்கொள். அம்மா போய்விட்டாள்டா. போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, ஆஸ்பத்திரியில். கால் வீக்கம் என்று போனோம், கிட்னியே போச்சு என்றார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பா சொன்னாருடா. அம்மாவைச் சேர்த்த நாளிலிருந்து தினமும் வீட்டுக்கு வந்து, நீ வாங்கி வைத்த கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி மெயில் போட்டார். நடுக்கடலில் போன் எடுக்காது, கப்பல் மெயில்தான் என்று நீதானே சொல்லிவிட்டுப் போனாய்! அனுப்பினதும் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருமாம், கீழே ஓகே என்று இருக்குமாம். ஓகே என்றால் போய்விட்டது என்று அதை அழுத்திவிட்டு எழுந்துவிடுவார். நான் ஒதியம்பட்டு மாமியார் வீட்டிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினவள், அந்தப் பக்கமே போகவில்லை.

உன் மெயில் மட்டும் ஒழுங்காக வந்தது. அம்மா கால் எப்படி இருக்கு, இங்கே மீன் குழம்பு வாயில் வைக்க முடியலை என்று. அப்பா கொதித்துப் போனார். பெத்தவ சாவக் கெடக்கறான்னு எழுதறேன், இவன் மீன் குழம்புன்றான், இன்னா புள்ள இவன் என்றார். கம்பெனிக்குப் போன் போடலாம் என்றேன். இத்தினி மெயில் போட்டும் வராதவன, கம்பெனிக்காரன் இழுத்துனு வரணுமா என்று என் வாயை அடைத்துவிட்டார். நானும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கொள்ளியைச் சித்தப்பா மகன் பாக்யராஜ் வைத்தான். கருமாதிப் பத்திரிகையில் உன் பெயரே இல்லை.

இன்று காலை எதிர்வீட்டு வெண்ணிலாவைக் கூப்பிட்டு, உனக்குக் கருமாதி தேதியையாவது எழுதச் சொன்னேன். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்கிறவள். திறந்து பார்த்துவிட்டு என்னை இழுத்துத் திரையைக் காட்டினாள். அப்பா எழுதினது அத்தனையும் அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது. ஒன்றுகூடப் போகவில்லை. வருகிற மெயிலுக்கு ஒரு சர்வர், போகிற மெயிலுக்கு வேறு சர்வராம். நீ கிளம்பின அவசரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்திருக்கிறாய். அந்தப் பெட்டி சொன்னதெல்லாம் போகவில்லை என்றுதானாம். அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

வெண்ணிலா சரிசெய்துவிட்டாள். இதுதான் உனக்கு முதலில் வரவேண்டும் என்று பழையதை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அழித்துவிடட்டுமா என்றாள். கூடாது, ஆஸ்பத்திரில அவ சொன்னத வந்து வந்து எழுதினது என்றார் அப்பா. கடைசி மெயிலை மட்டும் அவர் கையாலேயே அழித்தார். அதில் என்ன இருந்தது என்று என்றைக்கும் அவரைக் கேட்காதே. நீயும் உன்னை நொந்துகொள்ளாதே சாமி. யார்மேல் பழி போட்டால் அவள் வரப்போகிறாள்?

ஞாயிற்றுக்கிழமை கருமாதி. நீ வந்து சேர முடியாது, தெரியும். அங்கேயே தலை முழுகு. ஒரு வரி பதில் போடு. அது வந்த பிறகுதான் அம்மா சொன்னதை ஒவ்வொன்றாக அனுப்புவேன்.

அம்மா சாம்பலைக் கலயத்தில் போட்டு வேப்பமரத்தில் கட்டியிருக்கிறோம். கருமாதி அன்றே கடலில் கரைத்துவிடவேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தார் அப்பா. சற்றுமுன் போய் முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். எம்புள்ள வந்து கரைப்பான் என்றார்.

மாரியாத்தா உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன் அக்கா,
புவனேஸ்வரி